இரண்டாவது 'தைத்தவள்'

மன்றத் தலைவர் சாமியப்பன் அவர்களே, ஷிப்டை விட்டுவிட்டு வந்திருக்கும் பனியன் கம்பெனித் தோழியரே, பாமன்ற நண்பர்களே, தாயை இழந்து நிற்கும் யாழினி கண்ணே!

தெய்வாத்தாள் அம்மையாரைப் புகழ என்னை அழைத்தீர்கள். நான் புலவர் பட்டம் பெற்றவன். முப்பது ஆண்டு யாப்பு நடத்தியவன். அவர் முப்பது ஆண்டு செக்கிங் டேபிளில் நின்று பனியனில் பழுது பார்த்தவர். 'பாவலர்' என்று யாரை அழைத்தீர்கள்? என்னையா? அவரை! எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பட்டம் சொல்லி ஒருநாளும் அவரை நான் அழைத்ததில்லை.

துணியில் பழுது கண்டால் அந்த இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. அந்த வழக்கத்தை நம் மன்றத்துக்கும் கொண்டுவந்தார். முதல் ஞாயிறுதோறும் கவிதையை அலகிட்டு, தளை தட்டும் இடத்தில் அம்பு ஒட்டுவோம். என் தாளில் எத்தனை அம்புகள்! "சார், தப்பா நெனைக்காதீங்க, இந்தச் சீருல ஓசை இடறுதுங்க" என்பார். எண்ணிப் பார்ப்பேன். இடறும்! அவர் தாளில் அம்பு உண்டா? ஒன்றே ஒன்று. நான் ஒட்டியது.

சென்ற ஆண்டு மாநிலக் கவியரங்கத்துக்கு நம் மன்றம் ஒரு கவிதைதான் அனுப்பலாம் என்றார்கள். அவருடைய குறள் வெண்பாவைச் சோதிக்க என்னிடம் தந்தீர்கள்.

தைத்தவள் பேரில்லை தைத்தவள் ஊரில்லை
தைத்தது நாடெல்லாம் உண்டு.

தளை தட்டுகிறதா? இல்லை. எதுகை பிசகுகிறதா? இல்லை. குறை கிடைக்காத ஆத்திரத்தில் இரண்டாவது 'தைத்தவள்' மேல் அம்பை ஒட்டி, 'கூறியது கூறல் குற்றம்' என்று தீர்ப்புச் சொன்னேன்.

குற்றமா அது? பேரில்லாதவளை ஒருமுறை கூப்பிடுகிறார். ஊரில்லாதவளை இன்னொருமுறை கூப்பிடுகிறார். மூன்றாம் முறை ஆளே இல்லை, தைத்தது மட்டும் இருக்கிறது. தைத்தவள், தைத்தவள், தைத்தது! அந்தச் சொல் திரும்ப வராவிட்டால் கவிதையே இல்லை. அன்றே எனக்குத் தெரியும் ஐயா! தெரிந்துதான் ஒட்டினேன். கவியரங்கத்துக்கு என் கவிதை போனது.

அவர் சண்டை போட்டாரா? "சரிங்க சார்" என்றார், அவ்வளவுதான்.

நேற்று யாழினி அந்தத் தாளை என்னிடம் கொடுத்தாள். அம்பு அப்படியே இருந்தது. "ஏன் கண்ணு, அம்மா இதைப் பிரிக்கலையா?" என்றேன்.

"ஒட்டுனவங்கதான் பிரிக்கோணும், அதுதான் எங்க டேபிள் பழக்கம்னு அம்மா சொல்லுமுங்க சார். நீங்களே ஒருநாள் வந்து பிரிப்பீங்கன்னு சொல்லிட்டே இருந்துச்சுங்க."

இதோ, பிரிக்கிறேன்.

முதல் ஞாயிறு கூட்டம் நிற்காது. அடுத்த மாதம் இந்தக் கவிதையில் தொடங்கும். இந்த ஆண்டு கவியரங்கத்துக்கும் இதுவே போகும், நானே எடுத்துப் போவேன். அதன்பின் என் கவிதைகள் வரும். அம்புகளைத் தோழியரே, நீங்கள் ஒட்டுங்கள். வாசல்வரை நிற்கும் உங்களைப் பார்க்கையில் இப்போதும் அவர்மீது பொறாமைதான். நாளை நான் போனால் எனக்கு இதில் பாதிக் கூட்டம் வருமா?

பிரித்த அம்பை எங்கே போடுவது? என் சட்டையிலேயே ஒட்டிக்கொள்கிறேன். பழுது இங்கேதான் இருந்தது, பாவலரே.