ஞாயிறுதோறும் செத்துப்போன வெல்லக்கடை முத்தாரம்மாள்

மேடையில் வீற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் ஞானசிகாமணி அண்ணாச்சி அவர்களே, கடையடைத்து வந்திருக்கும் சாலைக் கடைத்தெருச் சொந்தங்களே, சக்கர நாற்காலியில் இருக்கும் எங்கள் மீனு மகாராணியே! தேங்காய்க்கடைக்காரனின் வணக்கம்.

வெல்லக்கடை முத்தாரம்மாள் அக்கா மறைந்துவிட்டார். அழ வேண்டிய கூட்டம்தான். அழுதால் அக்கா விடுவாரா? "கடையைப் போட்டுட்டு இங்க என்னல ஒப்பாரி?" என்று விரட்டியிருப்பார்!

மகள் மீனுவுக்குக் கண் தெரியாது. பேச்சில்லை, நடையில்லை. முப்பது வயதிலும் அம்மா கையால் மட்டுமே சாப்பிடுவாள். வேறு யார் ஊட்டினாலும் வாயைப் பூட்டிக்கொள்வாள். 'எனக்குப் பிறகு?' அக்காவை அரித்த கேள்வி அதுதான். கடை மாடியை மீனு பெயரில் எழுதினார். தன் அண்ணன் மகள் ஷில்பாவைச் சட்டப்படி காப்பாளராக்கினார். சட்டத்துக்கு அது போதும். பசிக்குப் போதுமா?

ஒரு ஞாயிறு காலை தெருவில் நின்று அறிவித்தார்: "இன்னைக்கு நான் செத்தாச்சு, கேட்டியளா! ஒருத்தரும் போன்ல விளிக்கப்பிடாது." தம்பானூரில் பஸ் ஏறிக் கல்லாற்றுக்குப் போய்விட்டார்! ஷில்பா ஊட்டியும் வாய் திறக்காமல் அன்று மீனு பட்டினி. பொழுது சாய வந்தவரிடம், "உமக்கு மனசே இல்லையாக்கா?" என்று சண்டை பிடித்தோம். "மனசு இருக்கப்போயிதாம்ல போனேன்" என்றார். அடுத்த ஞாயிறும் செத்தார்! அதற்கடுத்த ஞாயிறும் செத்தார்! இப்படி ஒரு சாவை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

அதோ, மீசையைத் தடவுகிறாரே உள்ளிக்கடை பிச்சுமணி அண்ணன், வெங்காயம் மணக்கும் கைக்காரர், அவர் ஒரு தந்திரம் செய்தார். வெல்லத்தைக் கையில் பூசிக்கொண்டு ஊட்டினார். அம்மாவின் மணம்! மீனு சாப்பிட்டுவிட்டாள். தெருவே கைதட்டியது. திரும்பி வந்த அக்கா அவர் கையை முகர்ந்தாரே, அந்தக் கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

"ஓய், என் மணத்தைப் பூசி ஏமாத்தினா, நான் போன பொறவு பிள்ள எனக்காகக் காத்துக் கெடக்கும்லா? உள்ளி நாத்தத்தோடயே ஊட்டும். அவ உம்மை அறியட்டு."

அடுத்த ஞாயிறு அண்ணன் உள்ளி நாற்றத்தோடு ஊட்டினார், மீனு துப்பினாள். அண்ணன் சட்டையெல்லாம் சாம்பார்! அண்ணன் விட்டாரா? இல்லை. முதலில் ஷில்பா கைக்கு வாய் திறந்தது, பிறகு அண்ணன் கைக்கு, கடைசியில் நார் உரிக்கும் இந்தக் கைக்கும்.

போன வாரம் தைக்காட்டு மயானத்திலிருந்து திரும்பினோம். இந்த முறை அக்கா எந்த பஸ்ஸிலும் வரமாட்டார். மீனு வாசல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். அண்ணன் சோற்றைப் பிசைந்து நீட்டினார். விரலை முகர்ந்தாள். வாயைத் திறந்தாள்! தின்றாள், ஐயா! தட்டைத் தட்டி இன்னும் கேட்டாள்! ஜெயித்தது எமனா, எங்கள் முத்தாரம்மாளா? நீங்களே சொல்லுங்கள்!

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிக்கச் சொன்னார்கள். தலைவர் மன்னிக்க வேண்டும். மதியமாகிவிட்டது, மீனு சிணுங்குகிறாள், இன்று என் முறை. சோறு பிசையப் போகிறேன்.