மதலேனா டீச்சரின் பை காத்த கதிரை

மத்திய மாகாணத்தில் எவராலும் ஏமாற்ற முடியாத ஒரே ஆசிரியர் அறை எங்களுடையது. இதைத் தற்பெருமையாக அல்ல, வெறும் தகவலாகவே இந்தப் பிரியாவிடை விழாவில் தங்கள் திருமுன் வைக்கிறோம், அம்பிட்டிய மேட்டிலிருந்து அன்றாடம் இறங்கி வந்து, அதட்டலிலும் அன்பு கலந்து, முப்பது ஆண்டுகள் எண்ணும் எழுத்தும் ஊட்டிய எங்கள் ஏற்றமே, தரம் ஏழின் தலைவியே, மாண்புமிகு மதலேனா ஆசிரியை அவர்களே!

அத்தகைய அறையின் சந்தேகத்துக்குத் தாங்கள் ஆளானது ஒரு கதிரையால். எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் அதிகம், கதிரைகள் குறைவு. முதல் மணிக்குப் பிறகும் ஆளில்லாத கதிரையைப் பக்கத்து வகுப்பு தூக்கிக்கொண்டு போய்விடும். எப்போதும் பிந்தும் ஹேவாஹெட்ட பஸ்ஸில் வரும் சஞ்சீவனி ஆறாம் தரத்தில் ஒரு தவணை முழுக்கப் பின்சுவரில் சாய்ந்து நின்று படித்தாள். அடுத்த தவணை வரவே இல்லை.

ஏழாம் தரத்தைப் பொறுப்பேற்ற தாங்கள் அவள் வீடு தேடிப் போய் அழைத்து வந்தீர்கள். காலை மணிக்கு முன்பே அவளுடைய கதிரையில் தங்கள் பையை வைத்தீர்கள். வரவு இடாப்பை விரிக்காமல், "இன்னும் யாரு வரணும்?" என்று வகுப்பைக் கேட்டீர்கள். "சஞ்சீவனி, டீச்சர். ரோட்டுல மரம் கிரம் விழுந்திருக்கும்" என்பான் அஹ்னாப். ஈரச் சப்பாத்தோடு அவள் வாசலில் வந்து நின்றால், வகுப்பே ஒரு குரலில், "வா, இடம் இருக்கு" என்னும்.

ஒருவர் காரணமில்லாமல் நல்லது செய்தால், அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எங்கள் அறையின் மரபு. "எலெக்ஷன் வருதாம். டீச்சர் ஹேவாஹெட்ட ஓட்டை இப்பவே சேர்க்கிறாங்க" என்றார் அன்ரனி சேர். "எலெக்ஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. பென்ஷனுக்குப் பிறகு டியூஷன் வைக்கப் போறாங்க, ஆள் பிடிக்கிறாங்க" என்றார் ஷாமலா டீச்சர். வயதில் இளையவரும் நுண்ணறிவில் மூத்தவருமான திலக்ஷன் சேர், "அந்தப் பை ஒரு நாளும் லேட் இல்ல. வரவுப் பரிசை அதுக்கே குடுத்திடலாம்" என்றார். அறை சிரித்தது. அவரே துணிந்து தங்களிடம், "பையில அப்படி என்னதான் இருக்கு, டீச்சர்?" என்று விசாரித்தார். "சோத்துப் பெட்டி, குடை. பசிக்குதா தம்பி?" என்றீர்கள். எங்கள் சந்தேகம் மேலும் வலுத்தது.

தொடர்ந்து கண்காணித்தோம். வராத பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகள் பாடம் எழுதி வைத்தார்கள். பக்கத்து வகுப்பு கதிரை தூக்க வந்தபோது நான்கு பேர் போய் அதைச் சுற்றி நின்றார்கள். யார் சொல்லித் தந்தது என்று தனித்தனியே கேட்டோம். "யாரும் சொல்லல சேர், நாங்களாத்தான்" என்றார்கள், எல்லோரும் ஒரே மாதிரி. இதுவும் சந்தேகத்துக்குரியது.

நாளை முதல் தரம் ஏழு திலக்ஷன் சேரின் பொறுப்பில் வருகிறது. தங்கள் பை தங்களோடு அம்பிட்டியவுக்குப் போய்விடும். நேற்று சஞ்சீவனி அவரிடம் வந்து, "இனி நான் நிக்கணுமா சேர்?" என்று கேட்டாள். "பார்ப்போம்" என்றார் அவர்.

ஓய்வென்பது தங்களுக்கு ஒத்துவருமா என்பதில் எங்களுக்கு ஐயம் உண்டு. ஆயினும் நோய் அண்டாமல், நடை தளராமல், நெடுங்காலம் நிறைவோடு வாழ மனமார வாழ்த்துகிறோம். இந்த ஒரு வாழ்த்தில் மட்டும் எங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

விழா நாளில் ஹேவாஹெட்ட பஸ் நேரத்துக்கு வராது என்ற துணிவில், இறுதி அறிவித்தலையும் முன்கூட்டியே எழுதிவிடுகிறோம். மண்டபத்தின் முன்வரிசையில் ஒரு கதிரையில் தங்களுடையது அல்லாத கறுப்புப் பை ஒன்று இருக்கும். நிற்பவர்கள் பொறுத்தருள வேண்டும், பிரதம விருந்தினரின் பரிவாரமும்தான். அந்தக் கதிரைக்கு ஆள் வரும். பையில் சோத்துப் பெட்டியும் குடையும் தவிர வேறொன்றும் இல்லை.

எதற்கும் ஏமாறாத ஆசிரியர் குழாத்தின் சார்பில்,
எழுதி வாசிப்பவர்: திலக்ஷன்