நாற்பத்தொரு அடுப்புகளை எண்ணியவருக்கு

நகரின் நிலமெல்லாம் நடந்தறிந்த நல்லவரே! வண்ணம் தீட்டிய வரைபடத்துக்குள் வாழும் மனிதரைத் தேடியவரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் இத்திட்ட அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், முனகலின்றி முன்நின்ற எங்கள் துணைத் திட்ட அலுவலர் அம்மையீர்! தங்கள் பணி நிறைவு விழாவில் நில வரைபடப் பிரிவினரின் பணிவான வணக்கம்.

தங்களுக்கு நாங்கள் இட்ட பட்டப்பெயர் தங்களுக்குத் தெரியும். ‘நடை மேடம்’. தாளில் இருப்பதைத் தரையில் பார்க்காமல் தாங்கள் கையெழுத்திட்டதில்லை. ஒரே ஒருமுறை இட்டீர்கள். அந்த ஒருமுறையைப் பற்றித்தான் இம்மடல்.

தங்கள் முன்னிலையிலேயே தங்களை ‘அவர்’ என்று சொல்லப்போகிறோம், பொறுத்தருள்க. முகம் பார்த்து ‘தாங்கள்’ என்று இதைச் சொல்லும் துணிவு எங்களுக்கு இன்னும் வரவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், சந்தைக்குப் பின்னாலிருந்த பகுதியை வணிகப் பகுதியாக மாற்றும் வரைவு வந்தது. இடிக்கப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஈடாக, அதே வட்டாரத்தில் குறைந்த வாடகை வீடு ஒன்று கட்டித்தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே எத்தனை வீடு என்ற எண்ணிக்கைதான் எல்லாம். அங்கே பதினேழாம் கதவு எண்ணில் இருப்பது ஒரே வீடு என்றது எங்கள் கள ஆய்வுத் தாள். மக்கள் ஆட்சேபம் சொல்ல ஒரு நாள், அன்று மாலை ஐந்து மணி வரை. அதற்குள் திருத்தம் பதிவாகாவிட்டால் வரைவே இறுதி.

அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு மனு வாங்கும் மேசையில் ஒரு சிக்கல் எழுந்தது.

“கதவு எண் சொல்லுங்க.”

“பதினேழு” என்றார் தையற்கார அம்மாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“பதினேழு வந்தாச்சே. இஸ்திரிக்காரர் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரு கதவுக்கு ஒரு மனுதான். அடுத்து?”

அடுத்தவரும் பதினேழு. அதற்கடுத்தவரும் பதினேழு.

“என்னம்மா, எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு வந்தீங்களா?”

“பேசி வெச்சுக்கிற அளவுக்கு எங்களுக்குள்ள எங்கப்பா ஒத்துமை? குழாயடியில தெனம் சண்டை. வாசக் கதவு ஒண்ணுதான். உள்ள லைன் வீடு. நாப்பத்தோரு குடும்பம்.”

“ரூல்னா ரூல்தாம்மா. அதைப் போட்டவங்களே அதோ உக்காந்திருக்காங்க, போய்க் கேளுங்க.”

அந்த விதி அவர் எழுதியதுதான். அதற்கு முந்தைய திட்டத்தில், குறைந்த வாடகை வீடுகளே வேண்டாமென்று ஒரு கட்டட முதலாளி தன் ஓட்டுநர், சமையற்காரர் பெயரிலெல்லாம் ஒரே முகவரியிலிருந்து தொண்ணூறு மனு போட்டிருந்தார். அந்த வீட்டில் அத்தனை பேர் குடியிருந்தால் முறை வைத்துத்தான் மூச்சு விட வேண்டியிருக்கும். பெரிய மனிதரின் வாயை அடைக்கவே அவர் அந்த விதியைப் போட்டார். இப்போது அது யார் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதை, கையில் மனுவோடு வரிசையில் நின்றவர்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

கள ஆய்வுத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்கம்மா, உங்க வீட்டைக் காட்டுங்க.”

பதினேழாம் எண் கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் சந்து. இருபுறமும் பத்தடிக்குப் பத்தடி அறைகள். சிலவற்றுக்குக் கதவு, சிலவற்றுக்குத் துணித்திரை. எதை வீடு என்று எழுதுவது? அவர் ஒரு முடிவுக்கு வந்தார். “கதவை எண்ண வேணாம். தனியா சமைக்கிற அடுப்பை எண்ணுவோம்.” ஒவ்வோர் அறையாகக் குனிந்து நுழைந்தார். அடுப்பைப் பார்த்தார், சமைப்பவரின் பெயரைக் கேட்டார், எழுதினார். இஸ்திரிக்காரர் முன்னால் போய்த் திரைகளை விலக்கிப் பிடித்தார்.

ஓர் அறையில் இரண்டு அடுப்புகள் ஒட்டியபடி இருந்தன. “இது ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டு மேடம்! அது என் ஓரகத்தியோடது. ஒண்ணுன்னு எழுதி எங்களை ஒரே வீட்டுல போட்டீங்கன்னா, அப்புறம் போலீஸுதான் வந்து எண்ணணும்.”

“என்னைக் கேட்டா மூணும்மா” என்றார் திரை பிடித்திருந்தவர். “இவங்க வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் என் வீட்டுலதான் சாப்பிடுறாங்க.”

சந்தே சிரித்தது. அவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தையற்கார அம்மாளும் அதைப் பார்த்துவிட்டார். “நேரம் இருக்கா மேடம்?” என்று மெல்லக் கேட்டார். “இல்லாமப் போனா எங்களுக்கு இந்த ஊர்ல வாடகை குடுத்து நிக்க இடம் கிடையாது.”

“நடங்க. இன்னும் ஒன்பது இருக்கு.”

மணி நாலரைக்கு அவர் திரும்பி வந்தபோது, தலைமை அலுவலர் எங்கள் பிரிவு அறையில் நின்றுகொண்டிருந்தார். கெட்டவரில்லை. விதியை விட்டு இம்மியும் நகராதவர்.

“நாப்பத்தொண்ணு இருக்கட்டும், நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா பழைய தாள்ல ஒண்ணுன்னு இருக்கே? தப்புன்னா யாரோட தப்புன்னு எழுதிக் கையெழுத்து வேணும். அது இல்லாம திருத்தத்தை நான் ஏத்துக்க முடியாது.” தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தார். “ஆய்வு செஞ்சவரோட கையெழுத்தே இல்லை. இதை எழுதினது யாரு?”

அறையில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். பதவி உயர்வுப் பட்டியல் அந்த வாரம் வருவதாக இருந்தது. ஒருவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். ஒருவர் திறந்திருந்த இழுப்பறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நாலு அம்பது வரைக்கும் பார்ப்பேன்” என்றார் தலைமை அலுவலர்.

எங்கள் துணைத் திட்ட அலுவலர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதட்டவில்லை, கெஞ்சவில்லை, காத்திருந்தார். கீழே கூடத்தில் நாற்பது பேர் படிக்கட்டைப் பார்த்தபடி நிற்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மணி நாலே முக்கால் ஆயிற்று. நாலு ஐம்பது ஆயிற்று.

“நடக்காம நம்பினது நான். நான் எழுதுறேன், குடுங்க” என்று தாளை வாங்கினார். ‘இத்தாளின் பிழைக்கு நானே பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் நாற்பத்தொன்று பதிவாயிற்று.

அம்மையீர், அதன் பின் நடந்தவற்றை இங்கே கூடியிருக்கும் அவை அறியும். சந்தைக்கு அருகிலேயே நாற்பத்தொரு வீடுகள் எழுந்தன. முப்பத்தொன்பது குடும்பங்கள் இன்றும் அங்கே குறைந்த வாடகையில் குடியிருக்கின்றன. இரண்டு குடும்பங்கள் கட்டி முடியும்வரை காத்திருக்க முடியாமல் எங்கோ போயின. அவர்களைத் தேடி இரண்டு ஆண்டுகள் தாங்கள் அலைந்ததும் தெரியும். ஒரு சமையலுக்கு ஒரு மனு என்று விதியை மாற்றினீர்கள். அது முதல் எந்த வரைவும் அந்தந்தத் தெருவில் விரித்துப் படிக்கப்படாமல் இவ்வலுவலகத்தை விட்டு வெளியேறியதில்லை. கோபமாக வந்தவர்களையும் உட்காரவைத்து, “உங்க வீடு எங்க இருக்கு, விரலை வெச்சுக் காட்டுங்க” என்பீர்கள். விரல் வைத்த பின் யாரும் கத்தியதில்லை. கத்தியவர்களும் விவரத்தோடு கத்தினார்கள்.

இந்த அவை அறியாதது ஒன்று உண்டு. அந்தக் கையெழுத்துக்காகப் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து தங்கள் பெயர் எடுக்கப்பட்டது. துணைத் திட்ட அலுவலராகவே இன்று விடைபெறுகிறீர்கள். பணிப் பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்ற சொல் இருக்கிறது. மறுநாள் காலை வழக்கம்போல் “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டு உள்ளே வந்தீர்கள். தாளை எழுதியது யார் என்று அன்றும் கேட்கவில்லை, இந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

பதினேழாம் எண் கதவைத் தட்டாமல், எதிர்க்கடையில் வெயிலுக்கு ஒதுங்கி நின்றபடியே ‘ஒன்று’ என்று எழுதியவர் எங்கள் பிரிவின் அளவையாளர். கையெழுத்திடவும் மறந்தார். எண்ணைச் சுழிக்கும் விதத்தைப் பார்த்து மற்ற ஐவரும் அன்றே அறிந்தோம். அறிந்தும் வாய் திறக்கவில்லை. இம்மடலை இப்போது தங்கள் முன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவரே அந்த அளவையாளர். வேறு யாரும் வாசிக்கக்கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார். அவர் குரல் எங்கேனும் தடுமாறியிருந்தால் பொறுத்தருள்க.

இதே வாசகம் தனிக் கடிதமாக, ஆறு கையெழுத்துகளுடன், இன்று காலை தலைமை அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. தங்கள் பணிப் பதிவேட்டிலுள்ள அந்தச் சொல்லை நீக்கி, உரியவர்களின் ஏட்டில் எழுதுமாறு வேண்டியிருக்கிறோம். என்ன முடிவு வரும் என்று தெரியாது. எங்களுக்கு வருவது எதுவானாலும் அது ஒன்பது ஆண்டுகள் தாமதமானது.

தாங்கள் உடல் நலத்தோடும் உள்ளத் தெளிவோடும் நெடுங்காலம் வாழ வேண்டும்! கால் போன தெருவெல்லாம் கடமையின்றிக் களிப்போடு நடக்க வேண்டும்! பிறர் பிழைக்கு இனியொரு நாளும் தாங்கள் பேனா எடுக்க வேண்டாம்!

இங்ஙனம்,
தாளை எழுதிய அளவையாளரும்,
அறிந்தும் எழுந்து நிற்காத ஐவரும்,
நில வரைபடப் பிரிவு.