ஆமென் சொல்லும் வரை

இராணுவ ஹெலி வருகிறது. முதலில் கேட்டது நாய்களுக்கு. பிறகு எங்களுக்கு. பனைக்கு மேலே டப டப என்று சத்தம். தாழ்ந்து வருகிறது.

நான் கிணற்றடியில் நிற்கிறேன். இடுப்பில் பிள்ளை. பத்து மாதம். அழுகிறாள்.

சபை உள்ளே இருக்கிறது. ஓலைக் கூரை, மண் சுவர். உபவாச ஜெபம். எல்லோரும் முழங்காலில்.

ரோட்டில் ஒருவன் கத்துகிறான்.

"ஓடுங்கோ! வெளியால ஓடுங்கோ!"

ஒருவரும் எழும்பவில்லை. எங்கள் சபையில் அப்படித்தான். முழங்கால் போட்டால் போதகர் ஆமென் சொல்லும் வரை எழும்பக் கூடாது. கண் திறக்கக் கூடாது. ஒரு தடவை ஜெபத்துக்குள் பாம்பு வந்தது. ஒருவரும் அசையவில்லை. அது போய்விட்டது. பிறகு எல்லோரும் அதைச் சாட்சியாகச் சொன்னார்கள்.

நான் வெளியே வந்ததுகூட சபை ஒழுங்கின்படிதான். பிள்ளை அழுதால் தாய் வெளியே கொண்டுபோக வேண்டும். எனக்கு எழும்ப வெட்கம். தயங்கினேன். என் புருஷன் ஞானம் வாசலண்டை முழங்காலில் இருந்தார். கண் திறக்காமலே சொன்னார். "பிள்ளையை வெளியால கொண்டு போ." கடைசியாகப் பேசியது அதுதான்.

"இஞ்சேருங்கோ! எழும்புங்கோ!" கத்துகிறேன். உள்ளே ஜெபச் சத்தம் கூடுகிறது. ஹெலியிலிருந்து ஒரு விசில் சத்தம். பிறகு காது அடைத்துவிட்டது. கூரை எரிந்தது. சத்தமே இல்லாமல் எரிந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை. வன்னியில் எங்கள் ஊர்.

ஆட்களை அடையாளம் தெரியவில்லை. நாங்கள் நகை போடாத சபை. தாலி, மோதிரம் ஒன்றும் இல்லை. ஆணும் பெண்ணும் வெள்ளை உடுப்புதான். நகையைப் பரிசுத்தத்துக்கென்று விட்டோம். அன்றைக்கு அதனாலேயே யார் எவர் என்று சொல்ல முடியவில்லை. என் புருஷனை மட்டும் கண்டுபிடித்தேன். சட்டைக் கையில் நான் போட்ட தையல் இருந்தது. மற்றவர்களை ஒரே குழியில் வைத்தோம்.

பிறகு பிள்ளையோடு வள்ளம். ராமேஸ்வரம். முகாம். முகாமில் பழகிய ஒருத்தி திருவனந்தபுரத்துக்குக் கூட்டி வந்தாள். தம்பானூரில் ஒரு லாட்ஜ். விரிப்புத் துவைக்கிற வேலை. கை ஓய்ந்துபோகும். விரிப்பு ஓயாது.

ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் ஒரு தமிழ்ச் சபை. ஜெபத்தில் பாதிப் பேர் தும்முவார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒருநாள் அந்தப் போதகர் கூப்பிட்டார். மார்த்தாண்டத்துக்காரர். கெட்டவர் இல்லை. முகாமில் அரிசி தந்தவர்களைவிட மரியாதையாகப் பேசுவார்.

"சகோதரி, ஞாயிறாழ்ச்ச சாட்சி பறயணும். நீங்க கீழ்ப்படிஞ்சீங்க, தெய்வம் காத்துது. அது மதி, அது போதும்."

குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள இருந்தவங்களுக்கு மறைவான பாவம் ஏதும் இருந்திருக்கும். அதையும் சொல்லணும். ஜனம் பயப்படட்டும்."

படி இறங்கும்போது மிளகாய் நெடி. கண் எரிந்தது.

மறுநாள் துவைகல்லில் தங்கத்திடம் சொன்னேன். என்னோடு துவைப்பவள். சிரித்தாள்.

"ஏ சிலோன்காரி, மைக்கு முன்ன நின்னு அழுதிராத கேட்டியா. கரண்டு அடிக்கும்."

"நான் அழமாட்டன்."

"பின்ன என்னதான் பறயப் போற?"

"உள்ளுக்கு இருந்தவையின்ர பேரைச் சொல்லுவன்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். என் வாளியையும் அவளே தூக்கிப் போனாள்.

ஞாயிறு. மைக்கு முன்னால் நின்றேன். பாம்பு வந்ததைச் சொன்னேன். ஹெலி வந்ததைச் சொன்னேன். பேர்களைச் சொன்னேன். அல்லேலூயா சத்தம் வரவில்லை. முடிந்ததும் போதகர் எழுந்தார். முழங்கால் போடச் சொல்லவில்லை. எல்லோரையும் நிற்க வைத்தே ஜெபித்தார்.

இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

போதகர் செல்லையா. அவர் மனைவி ரூத். கிளி அக்கா. அவளுடைய இரண்டு பெண்கள். மேசன் தம்பிராசா. கண் தெரியாத எஸ்தர். யோவேல். அவன் தாய். என் புருஷன் ஞானம்.

பத்துப் பேர். ஒரு ஓலைச் சபை. பாட்டுக்கு அடிக்கிற ஒரு கஞ்சிரா. என் வலது காது.

அவர்களிடம் பாவம் ஒன்றும் நான் காணவில்லை. பத்துப் பேரும் கீழ்ப்படிந்தார்கள். நானும் கீழ்ப்படிந்தேன். அன்றைக்குக் கீழ்ப்படியாமல் அழுதது என் பிள்ளை ஒன்றுதான்.