பியாட்ரிஸ் கடை கவுன்

மெஷின் ஊசி மழுங்கிவிட்டது, மாற்ற வேண்டும். அன்று காலை என் மனதில் இருந்தது அவ்வளவுதான். கெட்ட எண்ணத்தோடு எழுந்தவள் என்று எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் பியாட்ரிஸ் அம்மாவின் தையல் கடையில் இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறேன். சுரங்கத்துத் துரைசானிகள் மட்டுமல்ல, பெங்களூர்க் கல்யாணப் பெண்களும் எங்களைத் தேடி வருவார்கள். எங்கள் கவுனை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டும் தெருவில் நடக்கலாம். ஒரு பிசிர் தெரியாது. அதுதான் எங்கள் பெயர்.

சென்ற வருடம், அறுபத்தெட்டில், அம்மாவின் அண்ணன் மகள் டெய்சி பம்பாயில் டிசைன் படித்துவிட்டு வந்தாள். அம்மா கடையை அவளிடம் ஒப்படைத்தார். நைலான் வந்தது. முழங்கால் தெரிந்தது, கவுனில் கைகள் போயின. உள்தையலை நிறுத்தச் சொன்னாள்.

“உள்ள எவ பாக்கப் போறா, அக்கா? வெள்ளக்காரிங்க கப்பலேறி எத்தினி வருசம் ஆச்சு. நீங்க இன்னும் அவங்களுக்கே தச்சினு கீறீங்களே,” என்று சிரித்தாள். பொத்தான் தைக்கும் மரியகுழந்தையும் சேர்ந்து சிரித்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டெய்சி கெட்டவள் இல்லை. எனக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை, அம்மாவின் பெயர் நெய்த லேபிள்களையெல்லாம் கந்தல் கூடையில் கொட்டினாள். புது லேபிளில் ‘டெய்சி’ என்றிருந்தது.

புதன் பகல் பூமி அதிர்ந்தது. ஏர் பிளாஸ்ட். கீழே பாறை வெடித்தால் இந்த ஊர்ப் பெண்கள் கேட்பது ஒன்றுதான்: எந்த லெவல், யார் ஷிப்ட்? மரியகுழந்தையும் மற்றவர்களும் சுரங்கவாய் ஷாப்ட் பக்கம் ஓடினார்கள். அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தார். டெய்சி ஜன்னலில்லாத உள்ளறையில், குண்டூசி குத்திய கவுனோடு கண்ணாடி முன் நின்றிருந்தாள்.

அதிர்வில் கரி இஸ்திரிப்பெட்டி விழுந்து நைலான் பற்றிக்கொண்டது என்று ஊரே சொல்கிறது. இங்கே எந்தச் சாவுக்கும் அந்தப் பதில் போதும். எனக்கு எந்த வேலையையும் பிசிறாக விட்டுப் பழக்கமில்லை. அன்றைய அதிர்வு சின்னது. மேசையில் என் டீகூடத் தளும்பவில்லை. உள்ளறைக் கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டது நான். அந்த அறை வாசலில் அடுக்கியிருந்த நைலான் சுருள்கள் மேல் இஸ்திரிப்பெட்டியைத் திறந்து கவிழ்த்ததும் நான்தான்.

“அக்கா, கதவு மாட்டிக்கிச்சு, தொறங்க,” என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். நான் கந்தல் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. நேற்று மாலை ஒரு படத்தோடு என் வீட்டுக்கு வந்தார். டெய்சி தன் கல்யாணத்துக்கென்று வரைந்து வைத்திருந்த உடை.

“உன் கையாலதான் இதைத் தைக்கணும், ஜெயசீலி. சவப்பெட்டியில இதையும் கூட வெச்சு அவள அனுப்பணும்,” என்றார்.

படத்தை வெகுநேரம் பார்த்தேன். தோள் இறக்கம் சரியில்லை.

“மன்னிச்சுக்குங்கம்மா, என்னால முடியாது,” என்றேன். “நம்ம கடைப் பேரு கெட்டுப்போயிடும்.”