அத்தானுக்கென்று ஒரு பதிப்பு

அத்தான் நல்ல மனிதர், ஐயா. ஆபீஸில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக்கை அவரே வெட்டி, வாசல் காவலாளி வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் தலைமையில் வந்த இரண்டு வீடியோ கேம்களும் மண்ணைக் கவ்வின என்பது வேறு விஷயம்.

மூன்றாவதும் படுத்தால் கம்பெனியை இழுத்து மூடவேண்டியதுதான். அத்தானை மாற்றலாமா என்று இயக்குநர்கள் கூடினோம். பாதிப் பேர் மாற்றவேண்டும் என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். மிச்சம் நான். சொந்த அக்காவின் கணவருக்கு எதிராக எப்படிக் கை தூக்குவது? அப்புறம் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கேம் வெளியே போகுமுன் அத்தான் அதைத் தனியாக, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கடைசிவரை ஆடிப் பார்ப்பார். அவராக வெளியே வரும்வரை யாரும் கதவைத் தொடக்கூடாது. அவருக்கு வலிப்பு நோய். விட்டு விட்டு மின்னும் வெளிச்சம் ஆகாது. அது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கேமில் வெளிச்சம் அமைப்பது என் வேலை. அதனால் மின்னுவதையெல்லாம் எடுத்துவிட்டு, அவருக்கென்று தனியாக ஒரு பதிப்பு தயார் செய்து கொடுப்பேன்.

இந்த முறை எடுக்கவில்லை. கொஞ்சம் கூட்டியும் வைத்தேன்.

"நீ பாத்துட்டல்ல மச்சான்? அப்புறம் என்ன, கண்ண மூடிக்கிட்டு ஆடலாம்," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

நான் நினைத்தது இவ்வளவுதான். லேசாக வலிப்பு வரும், டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்வார், அவரே மரியாதையாக விலகிக்கொள்வார். யாரும் கை தூக்கவேண்டிய அவசியம் இருக்காது.

உள்ளே நாற்காலி விழுந்தது. பிறகு கால்கள் தரையில் அடித்துக்கொள்ளும் சத்தம். வரவேற்பில் இருக்கும் பெண் பதறிப்போய் ஓடி வந்தாள்.

"சார், உள்ள ஏதோ சத்தம் கேக்குது. தொறக்கலாமா?"

"அவரா வர்ற வரைக்கும் தொறக்கக் கூடாதுன்னு தெரியாதா?" என்றேன்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவை மறித்து நின்றேன். சத்தம் அடங்கும்வரை நின்றேன். அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது அவர் இடத்தில் நான். நேற்று அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். "எல்லாரும் அவர வெளிய அனுப்பத்தான் பாத்தாங்க. நீ ஒருத்தன்தான்டா கடைசி வரைக்கும் கூட நின்ன," என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

அவரைக் கொன்றது நான்தான், ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அக்காவிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவருக்கு எதிராக நான் கை தூக்கவே இல்லை.