கால் குளிருக்கு ஒரு ஹீட்டர்

குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்கு வரும் பஸ். மழைக்காக யன்னல்களை மூடியிருந்ததால் உள்ளே எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. எனக்கு முன் சீற்றில் இருந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள்:

“அக்கா, இண்டைக்கு ஹீட்டர் ஒண்டு வாங்காமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டன்.”

“திருகோணமலையில ஹீட்டரோ? நுவரெலியாவில குடியேறப் போறியோ?”

“அவருக்குத்தான் அக்கா. இரவில கால் குளிருது எண்டு அழுறார்.”

“கடலட்டை பிடிக்கச் சுழியோடி, ஆழத்தில இருந்து அவசரமா மேல வந்ததோட அந்தக் காலில உணர்ச்சி போயிட்டுது எண்டுதானே டொக்டர் சொன்னவர்?”

“ஓம். கிள்ளினாலும் தெரியாது. குளிர் மட்டும் தெரியுதாம்.”

பஸ் சாம்பல்தீவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. மூத்தவள் சொன்னாள்:

“எண்ணெய் ஹீட்டர் எண்டா அவ்வளவு சுடாதாம். அதை வாங்கன்.”

“கேட்டனான். இஞ்ச ஆரும் வாங்குறேல்ல எண்டு கொண்டுவாறேல்லையாம். கம்பி சிவக்கிறதுதான் கடையில கிடக்கு.”

“உனக்கென்ன விசரோ? கால் வெந்தாலும் அந்த மனிசனுக்குத் தெரியாது. சுடுதண்ணிப் போத்தல் வைச்சுக் கொப்புளம் போட்டதை மறந்திட்டியோ?”

“மறக்கேல்ல. அவற்ற காலோட என்ர காலையும் நீட்டிக்கொண்டு படுப்பன். எனக்குச் சுட்டா நிப்பாட்டுவன்.”

“நீ நித்திரையாப் போனா?”

“சுட்டா முழிப்பன்தானே அக்கா.”